பேர் போடாத இருபது

காலையில் எழுந்து முகம் கழுவுகிறேன். அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போடுகிறேன். அடுப்புக்கு மேலே பரணில் தொங்கும் பூண்டுக் கட்டுகளைத் தொட்டுப் பார்க்கிறேன், ஈரம் ஏறியிருக்கிறதா என்று. அம்மா கடுங்காப்பி தருகிறாள். குடிக்கிறேன். கோழிகளைத் திறந்துவிடுகிறேன். ஆறு மணிக்கு மாடி அறையிலிருந்து தங்கை சுகன்யாவின் குரல் வரும். நான் கொட்டகைக்குப் போய், செல்போனை எடுத்து, அவளுடைய லைவுக்கு இருபது ரூபாய் அனுப்புகிறேன். பெயர் கேட்கும் இடத்தைக் காலியாக விடுகிறேன். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறேன்.

என் மனைவி நதியா இறந்த பிறகு ஒவ்வொரு நாளும் இப்படித்தான். இந்தச் சித்திரை வரைக்கும் நான் அனுப்புவது யாருக்கும் தெரியாது. சுகன்யாவுக்கும் தெரியாது.

சுகன்யா வீடியோ கேம் ஆடுகிறாள். ஆடும்போதே அதை உலகத்துக்குக் காட்டுகிறாள். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் ஒருவர் மிஞ்சும் ஆட்டம். சுகன்யா மிஞ்சியதில்லை. குதித்துத் துப்பாக்கி தேடுவதற்குள் யாராவது அவளைச் சுட்டுவிடுவார்கள். ஆனால் பேசுவாள். சுட்டவனைத் திட்டுவாள், தன்னையே திட்டிக்கொள்வாள், பூண்டு விலை சொல்வாள், ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் எந்தப் படிக்கட்டு வயல் வரைக்கும் இறங்கியிருக்கிறது என்று சொல்வாள். அதைக் கேட்கத்தான் முந்நூறு, நானூறு பேர் வருகிறார்கள். எங்கள் பூம்பாறையில் வெயில் ஏறினால் டூரிஸ்ட் வண்டிகள் வந்துவிடும். டூரிஸ்ட் வந்தால் சிக்னல் போய்விடும். அதனால்தான் விடிகாலை லைவ்.

பார்ப்பவர்களில் விருப்பப்பட்டவர்கள் பணம் போடுவார்கள். இருபது, நாற்பது, எப்போதாவது நூறு. போட்டவர் எழுதிய பெயரை ஒரு இயந்திரக் குரல் வாசிக்கும். அந்தக் குரல் தமிழை மென்று துப்பியதால் சுகன்யாவே வாசிக்க ஆரம்பித்தாள். வெறுமனே வாசித்தால் அவளுக்கு ஆகாது. கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து மொய் அறிவிக்கிறவர் மாதிரி மூக்கை அடைத்துக்கொண்டு வாசித்தாள்.

"திருப்பூர் டெத் கிங் நாற்பது ரூபாய்! டெத் கிங் குடும்பத்தாருக்கு நன்றி, நன்றி, நன்றி! பேர் போடாத அண்ணே, வழக்கம்போல இருபது! அண்ணே, நீங்க பேரைச் சொன்னா நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?"

அது விளையாட்டு. ஆனால் எங்கள் ஊர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திரை பிறந்த வாரம் நல்லுசாமி மாமா கொட்டகைக்கு வந்தார். பக்கத்துக் காட்டுக்காரர், மாமா முறை. அம்மாவும் நானும் விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தோம். அவர் மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு பூண்டை நசுக்கி முகர்ந்தார்.

"அக்கா, மொய் வந்துச்சா?"

அம்மா நிமிர்ந்தாள். "என்ன மொய்?"

"ஐநூத்தியொண்ணு. நம்ம சுகன்யா வாசிச்சுச்சே. 'பூம்பாறை கீழத்தெரு நல்லுசாமி குடும்பத்தார்'னு. ஊரே கேட்டுச்சு. மலேசியாவுல இருக்கவன் எல்லாம் கேட்டிருக்கான்."

"விசேஷமே இல்லாத வீட்டுக்கு எதுக்கு மொய் செஞ்ச?"

"அதுதான் அக்கா. எங்க மூத்தவன் கல்யாணத்துக்கு நீங்க ஐநூறு செஞ்சீங்க. திருப்பிச் செய்யணும்ல? நானும் காத்துக் காத்துப் பாக்குறேன், உங்க வீட்டுல ஒரு விசேஷமும் வரலை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தார். "தப்பா எடுத்துக்காதே மாப்ளே."

"இல்லை மாமா" என்றேன்.

"மைக்குல பேரு வாசிக்கிறாக, பணம் போடுறாக. சரி, இதுதான் விசேஷம்னு செஞ்சுட்டேன். நான் மட்டுமா? மேலத்தெருவுல பாதிப் பேரு செஞ்சாச்சு. கடன் முடிஞ்சுச்சுன்னு நிம்மதியாக் கெடக்காங்க."

அம்மா கையில் இருந்த முறம் சாய்ந்தது. பூண்டு உருண்டது.

மேலத்தெரு, கீழத்தெரு, மன்னவனூர்ச் சொந்தக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் அம்மா மொய் செய்து வைத்திருந்தாள். வங்கியில் போடாமல் ஊரில் போட்டு வைத்த பணம் அது. சுகன்யாவின் கல்யாணத்தில் ஒரே நாளில் திரும்பி வர வேண்டியது. இப்போது அது கொஞ்சம் கொஞ்சமாக விடிகாலை லைவில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மா மாடிப்படியின் கீழே நின்று கத்தினாள். "அடியே சுகன்யா! எறங்கி வா. வெரசா வா."

சுகன்யா வந்தாள். காதில் புது ஹெட்போன் இருந்தது. பெரியது, நீல விளக்கு எரிவது.

"அது என்னது?"

"ஹெட்போன்மா. இப்பத்தான் வாங்குனேன். எதிராளி நடக்குற சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு துல்லியமாக் கேக்கும்."

"உன் கல்யாணத்தைக் காதுல மாட்டிக்கிட்டு நிக்கிறே" என்றாள் அம்மா.

விஷயம் புரிந்ததும் சுகன்யா மூட்டைமேல் விழுந்து சிரித்தாள். நல்லுசாமி மாமாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். அம்மா சிரிக்கவில்லை.

அன்று மதியம் முழுக்க வீட்டில் இதே பேச்சு. சுகன்யா சொன்னாள், ஊர்க்காரர்கள் போட்டதைத் திருப்பி அனுப்பிவிடலாம். மற்றவர்கள் போடுவது மொய் இல்லை, பிடித்துப்போய்க் கொடுப்பது. திரும்பி வரும் என்று எதிர்பார்த்து யாரும் கொடுப்பதில்லை.

"திரும்பி வராதுன்னு தெரிஞ்சு எவனாவது குடுப்பானா? அப்படிக் குடுத்தா அதுக்குப் பேரு பிச்சை. நம்ம வீட்டுல யாரும் கை ஏந்துனது இல்லை."

"நான் கை ஏந்தலைம்மா. ஆடுறேன், பேசுறேன். புடிச்சவங்க போடுறாங்க. புடிக்காதவங்க சும்மா பாக்குறாங்க. யாரையும் கேட்டதே இல்லை."

"ஆடுறியா? எறங்குனதும் செத்து விழறே. அதுக்குக் காசு வேறயா?"

"அண்ணே, நீ படிச்சவன்தானே. சொல்லு."

நான் பழனியில் பி.காம். படித்தேன். இதற்குப் பதில் அதில் இல்லை. "எனக்கு அபிப்பிராயம் இல்லை" என்றேன். அந்த நாட்களில் எனக்கு எதிலும் அபிப்பிராயம் இல்லை. குழம்பில் உப்பு இல்லை என்று சாப்பிட்டு முடித்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

அம்மாவை அதிகம் உறுத்தியது நல்லுசாமி மாமாவின் ஐநூற்றியொன்று அல்ல. அவரைத் தெரியும், வீடு தெரியும், திருப்பிக் கொடுத்துவிடலாம். டெத் கிங்கைக்கூடத் திருப்பூரில் தேடிப் பிடிக்கலாம். பேர் போடாதவன்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

"தெனமும் போடுறானாம். பேரு சொல்ல மாட்டானாம். வயசுப் பிள்ளைக்கு எவன் சும்மா குடுப்பான்? நாளைக்கு வாசல்ல வந்து நிப்பான், 'இத்தனை நாளாக் குடுத்தேன், பொண்ணைக் குடு'ன்னு. அப்ப என்ன பண்றது?"

நான் சட்டியில் மிச்சமிருந்த குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் கொடைக்கானல் போனாள். பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் இத்ரீஸ்தான் சுகன்யாவுக்குப் பழைய கம்ப்யூட்டர் விற்றவர், பணம் வரும் வழியையும் அமைத்துக் கொடுத்தவர். அம்மா கண்ணாடி மேஜையில் கையூன்றிக் கேட்டாள்.

"தம்பி, அந்தப் பேரில்லாதவன் யாருன்னு பாத்துச் சொல்லு."

"தெரியாதும்மா. பணம் ஒரு கம்பெனி வழியா மொத்தமா வருது. போடுறவங்க என்ன எழுதுறாங்களோ அதுதான் நமக்குத் தெரியும். ஒண்ணும் எழுதலைன்னா ஒண்ணும் தெரியாது."

"அப்ப அவனுக்கு எப்படித் திருப்பிச் செய்யுறது?"

இத்ரீஸ் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய செல்போன் உறைகளைப் பார்த்தேன். "எதுக்கும்மா திருப்பிச் செய்யணும்? ஏரிக்கரையில ஒருத்தர் புல்லாங்குழல் வாசிக்கிறாரு. டூரிஸ்ட் நின்னு கேக்குறான், பத்து ரூபா போட்டுட்டுப் போறான். அவரு என்ன அவன் கல்யாணத்துக்குப் போயா வாசிக்கிறாரு?"

"அவரு வாசிக்கத் தெரிஞ்சவரு. இவ செத்துச் செத்து விழறா."

"அதுவும் சரிதான்" என்றார் இத்ரீஸ். "ஆனா சிரிச்சுக்கிட்டே சாகுதும்மா. எங்க வீட்டுக்காரி மரியம் தெனமும் பாக்குறா."

"அவளும் காசு போடுறாளா?"

"போடுறாளான்னு நான் கேக்கலை. கேட்டா கடைக் கணக்கை அவ கேப்பா."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா முடிவுக்கு வந்தாள். நாளை லைவில் தானே உட்காரப் போகிறாள். பணம் போடுகிற ஒவ்வொருவரையும் விசாரிக்கப் போகிறாள். பேர் போடாதவன் பேரைச் சொன்னால் சரி. சொல்லாவிட்டால் அந்த நிமிஷமே இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி அடுப்பில் போடுவாள். அத்தோடு அந்தச் சோலி முடிந்தது.

சுகன்யா அன்று சாயங்காலம் கொட்டகைக்கு வந்தாள். சிரிக்கவில்லை.

"அண்ணே, ஒயரைப் புடுங்கிட்டா நான் என்ன பண்றதுண்ணே? பூண்டு பிரிப்பேன், கோழி அடைப்பேன், யாராவது பொண்ணு பாக்க வந்தா காப்பி குடுப்பேன். இந்த ஊர்ல நான் பேசுனா 'சத்தம் போடாதே'ன்னுதானே சொல்லுவாங்க. அங்கதான் இன்னும் பேசு, இன்னும் பேசுங்குறாங்க."

நான் கட்டு கட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பேர் போடாத அண்ணன் நாளைக்கு ஒரு நாள் மட்டும் பேரைச் சொல்லிட்டா போதும்" என்றாள். "நல்லவராத்தான் இருப்பாரு. ஒரு நாளும் தப்பா ஒரு வார்த்தை எழுதுனதில்லை. எழுதவே இல்லையே."

மறுநாள் காலை எழுந்தேன். முகம் கழுவினேன். பூண்டைத் தொட்டுப் பார்த்தேன். கடுங்காப்பி தர அம்மா இல்லை. மாடியில் இருந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். சுகன்யாவுக்குப் பக்கத்தில் மர ஸ்டூலில், மொய் எழுதும் மேஜையில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கதவருகே நிற்கச் சொன்னாள். எவனாவது வம்பு பேசினால் வீட்டில் ஆம்பிளை இருப்பது தெரிய வேண்டுமாம்.

சுகன்யா லைவைத் தொடங்கினாள். "எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குச் சிறப்பு விருந்தினர், எங்க அம்மா பாண்டிச்செல்வி. ஆட மாட்டாங்க. விசாரிப்பாங்க."

திரையில் வணக்கங்கள் ஓடின. டெத் கிங் நாற்பது ரூபாய் போட்டான். அம்மா காமிராவை நெருங்கினாள். அவளுடைய மூக்குத்தி திரையை நிறைத்தது.

"கண்ணு, டெத் கிங்கு. பெத்தவங்க வச்ச பேரு என்ன?"

அவன் எழுதினான், சுகன்யா வாசித்தாள். "பாலமுருகனாம்மா."

"நல்ல பேரை வச்சுக்கிட்டு ஏம்ப்பா இந்தக் கண்றாவி? சரி, எதுக்கு எங்க பிள்ளைக்குக் காசு குடுக்குறே?"

"பனியன் கம்பெனியில நைட் ஷிப்டாம். முடிச்சுட்டு ரூமுக்கு வந்து, இதைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவாராம். நான் செத்து விழுறப்ப எல்லாம் அவருக்கு மனசு லேசாகுதாம்."

"என்ன சாப்பிடுவே?"

"பரோட்டாவாம்."

"காலங்காத்தால பரோட்டாவா? வயிறு என்னத்துக்கு ஆகும்? இட்லி கிடைக்காதா அந்த ஊர்ல? சரி, உங்க வீட்டு விசேஷம் எப்ப?"

"இன்னும் பொண்ணே அமையலையாம்மா."

"அமையும். அமைஞ்சா பத்திரிகை அனுப்பு. நாப்பத்தியொண்ணாத் திருப்பிச் செய்யுறோம்."

திரை சிரிப்புப் பொம்மைகளால் நிரம்பியது. வத்தலக்குண்டிலிருந்து ஆலிமா என்ற பெண் இருபது போட்டாள். அவள் மகள் இந்த லைவ் ஓடும்போது மட்டும்தான் அழாமல் பல் தேய்க்கிறாளாம். "அது நியாயமான காசு" என்றாள் அம்மா. குவைத்திலிருந்து ஒருவர் நூறு போட்டார். மூட்டத்தைக் காட்டச் சொன்னார். அம்மா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். "இந்தா, நல்லாப் பாத்துக்க. ஆனா நூறு ரொம்ப ஜாஸ்தி. அடுத்த தடவை இருபது போடு, மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பு." நல்லுசாமி மாமா 'வாழ்த்துக்கள் அக்கா' என்று எழுதினார். "ஏலே நல்லுசாமி, உன் காசு உன் பேரன் காதுகுத்துக்குத் திரும்பி வருது. ஊர்க்காரங்க எல்லாரும் கேட்டுக்கங்க, மொய்யை மண்டபத்துலதான் செய்யணும். இதுல ஒருத்தரும் போடக் கூடாது."

இதற்கிடையே சுகன்யா தீவில் இறங்கி ஒரு குளியலறையில் ஒளிந்திருந்தாள். அம்மா பேசிக்கொண்டே இருந்ததால் வெளியே வரவில்லை. வராததால் சாகவில்லை. நூறு பேரில் பதினோரு பேர்தான் மிச்சம். அவ்வளவு தூரம் அவள் போனதில்லை. அம்மாவின் முகம் இளகியிருந்தது. யாருக்கும் பேர் போடாதவன் ஞாபகம் இல்லை. நான் சும்மா நின்றிருந்தால் அன்றைய பொழுது அப்படியே போயிருக்கும்.

ஆனால் ஆறு மணி தாண்டியிருந்தது. என் கை செல்போனை எடுத்தது. இருபது ரூபாய். பெயர் காலி. யோசித்துச் செய்யவில்லை. கோழிகளைத் திறந்துவிடுவது போலத்தான்.

பணம் வந்ததைச் சொல்லும் மணி அடித்தது. சுகன்யா வழக்கமாகக் கத்துவதைக் கத்தவில்லை. அம்மா திரையைப் பார்த்தாள். "பேரு இல்லையே. அவனா?"

"அவர்தாம்மா."

"ஏலே, யாருப்பா நீ? பேரைச் சொல்லு."

திரையில் எழுத்துகள் ஓடுவது நின்றது. நானூறு பேரும் காத்திருந்தார்கள்.

"பாரு, சொல்ல மாட்டேங்குறான்." அம்மா குனிந்து சுவரோரம் ஒயரைப் பிடித்தாள். "நதியா கடைசியா என்ன சொல்லிட்டுப் போனா? 'சுகன்யாவை நல்ல எடத்துல கட்டிக் குடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனா. அவ இருந்தா இதை ஒத்துக்குவாளா?"

நதியா அப்படிச் சொல்லவில்லை. எழவு வீட்டில் எல்லாப் பெண்களும் என்னைச் சூழ்ந்து, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். ஆம்புலன்ஸ் வண்டியில் வீட்டு ஆள் என்று அவளோடு இருந்தது நான் மட்டும்தான். நான் பேசவில்லை. ஒரு பெரியம்மா, நாத்தனாரைக் கட்டிக்கொடுக்கச் சொல்லியிருப்பாள் என்றார். பதினாறாம் நாளுக்குள் அது நதியா சொன்னதாகவே ஆகிவிட்டது. அழகான வார்த்தை. நானும் விட்டுவிட்டேன்.

சுகன்யா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். குளியலறைக் கதவை உடைத்துக்கொண்டு எவனோ வந்து அவளைச் சுட்டான். அவள் அதைப் பார்க்கவில்லை. ஒயரைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா" என்றேன்.

"நீ என்ன?"

"பேர் போடாதவன். நான்தான்."

செல்போனைக் காட்டினேன். அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நீ எதுக்குடா இவளுக்குக் காசு அனுப்புறே?"

"நதியா சொன்னா."

"எப்ப?"

"வண்டியில."

சுகன்யா ஹெட்போனைக் கழற்றினாள். "மதினியா? என் லைவையா? மதினி ஒரு நாளும் காசு போட்டதில்லையேண்ணே. 'சோறு போடுறோம்ல, காசு வேறயா'ன்னுதானே கேக்கும்."

"உள்ளபடி சொல்லு" என்றாள் அம்மா. ஒயர் இன்னும் கையில்தான் இருந்தது. "அவ என்னதான் சொன்னா?"

சொன்னேன். கொடைக்கானல் ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்கு இருதய வால்வு ஆபரேஷனுக்காக அனுப்பினார்கள். விடிகாலை. பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவில் சிக்னல் கிடைத்தது. நதியா செல்போனைக் கேட்டாள். சுகன்யாவின் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குதித்தாள், செத்தாள். மறுபடி குதித்தாள், மறுபடி செத்தாள். நதியா சிரித்தாள். நர்ஸ், சிரிக்காதீங்கம்மா, மூச்சு வாங்கும் என்றார். பாவம், ஏதாவது போட்டுவிடுங்கள் என்று நதியா சொன்னாள், பேர் போட்டால் தலைக்கனம் ஏறும், பேர் வேண்டாம் என்றாள். நான் ஐம்பது போடட்டுமா என்று கேட்டேன். அதற்கு ஒரு பதில் சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

அந்தப் பதிலையும் அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒயரை விட்டுவிட்டுப் பட்டுப்புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுகன்யா மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள், அழுதாள், "இந்த மதினி இருக்கே" என்றாள். நானும் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. மைக் திறந்தே கிடந்தது. திருப்பூரிலும் வத்தலக்குண்டிலும் குவைத்திலும் எல்லோரும் கேட்டார்கள்.

லைவ் நிற்கவில்லை. வெள்ளனே எழுந்து அம்மாவே இப்போது ஜன்னலைத் திறந்து மூட்டத்தைக் காட்டுகிறாள். நான் கொட்டகையிலிருந்து அனுப்புகிறேன். பேர் போடுவதில்லை. தொகையை ஏற்றச் சொல்லி சுகன்யா தினமும் மைக்கில் கேட்கிறாள். ஏற்ற மாட்டேன். நதியா கண்ணை மூடிக்கொள்வதற்கு முன்னால் சொன்னது இதுதான்:

"ஐம்பதெல்லாம் வேணாங்க. இருபது போதும். அவ ஆடுற ஆட்டத்துக்கு அதுவே ஜாஸ்தி."